என் மறுப்புக் குறிப்பு வாசகர் கடிதம் ஆன கதை: ஆசிரியர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தோழர்களுக்கு,

நம் மார்ச் இதழின் தலையங்கம், தடுப்பூசிகளைச் சந்தேகித்துப் பேசிவந்த ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் அமெரிக்காவின் சுகாதாரத் துறை அமைச்சரானதை வரவேற்றது. 'மருந்து முதலாளிகளுக்கு விழுந்த அடி' என்பது தலைப்பு. கீழே 'இதழின் நிலைப்பாடு' என்று போட்டிருந்தீர்கள். ஏழு பேர் இருக்கிற குழுவில் மூன்று பேர் அதை ஏற்கவில்லை. அந்த மூவரில் நானும் ஒருவன். நான் எழுதிக் கொடுத்த மூன்று பக்க மறுப்புக் குறிப்பு மார்ச் இதழில் வரவில்லை, ஏப்ரலிலும் வரவில்லை. மே இதழில், வாசகர் கடிதங்கள் பகுதியில், பன்னிரண்டு வரியாக வந்தது. என் பெயரும் அதற்குப் பக்கத்தில் என் ஊர்ப் பெயரும்.

பதினோரு வருடமாக இந்த இதழுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். சந்தா பாக்கி வசூலிக்கப் பேருந்து ஏறிப் போயிருக்கிறேன். ஒரே மாதத்தில் வாசகனாகிவிட்டேன். அந்தப் பக்கத்தின் மெய்ப்பை மட்டும் எனக்கு அனுப்பாமல் வேறு ஒருவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். அவர் நன்றாகவே பார்த்திருக்கிறார், ஒரு பிழை இல்லை. நான் எழுதியதில் பெரும்பகுதியும் இல்லை.

குழுவுக்கு இரண்டு முறை எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இரண்டாவதற்கு ஆசிரியர் தோழர் தொலைபேசியில், "பேசிக்கலாம் தம்பி, இதெல்லாம் வீட்டுக்குள்ள இருக்கட்டும்" என்றார். இரண்டு மாதம் வீட்டுக்குள்தான் இருந்தது. அதனால்தான் இப்போது வெளியே எழுதுகிறேன்.

2024 நவம்பர் 14 அன்று டிரம்ப் கென்னடியின் பெயரை அறிவித்த நாளிலிருந்தே நமக்குள் இழுபறி. உங்கள் பக்கத்து வாதம் சொத்தையானது என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. கென்னடி ஹட்சன் நதியைக் காக்க வழக்காடியவர். ரவுண்டப் களைக்கொல்லியால் புற்றுநோய் வந்ததாக வழக்குப் போட்ட பள்ளித் தோட்டக்காரர் டிவெய்ன் ஜான்சனுக்காக வாதாடிய குழுவில் இருந்தவர். 2018இல் நடுவர் குழு அந்தக் களைக்கொல்லியைத் தயாரித்த மான்சாண்டோ 28.9 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று சொன்னபோது (பிறகு தொகையைக் குறைத்தார்கள்) நம் இதழில் அதைக் கொண்டாடி எழுதினோம், எழுதியதில் தப்பில்லை. மருந்துக் கம்பெனிகள் மீது நமக்கிருக்கும் சந்தேகமும் வெறும் மனப்பிராந்தி கிடையாது. அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் பழங்குடிச் சிறுமிகளுக்குப் போட்டபோது, பெற்றோர் போட வேண்டிய ஒப்புதல் கையெழுத்தை விடுதிக் காப்பாளர்கள் போட்டார்கள். அந்தத் திட்டம் 2010இல் நிறுத்தப்பட்டது. சிறுமிகளின் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை என்றது விசாரணை. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதத்தை நாடாளுமன்றக் குழு 2013இல் கடுமையாகக் கண்டித்தது. நாமும் கண்டித்தோம். அந்தக் கட்டுரைக்கு மெய்ப்புப் பார்த்ததும் நான்தான்.

ஆகவே கம்பெனிகளுக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது சிரிப்புதான் வந்தது.

செனட் வாக்கெடுப்பில் 52-48 என்று கென்னடி தேறிய மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அச்சகத்தின் பின்னறையில் கூடினோம். ஐந்து பேர்தான் வந்திருந்தோம். ஊடக முதலாளி முர்டாக்கின் நியூயார்க் போஸ்ட் பத்திரிகை எதிர்க்கிற ஒரு ஆளை நாமும் எதிர்ப்பதா என்று ஆசிரியர் தோழர் கேட்டார். நல்ல கேள்வி, கேட்கும்போது காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது. நான் திருப்பி ஒன்று கேட்டேன். இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் எந்தப் பக்கம்? மருந்து விலைக்காக முப்பது வருடமாகக் கம்பெனிகளோடு மல்லுக்கட்டுகிற மனிதர், அவரே கென்னடிக்கு எதிராகத்தானே வாக்களித்தார்? நியமனத்துக்கு முன் ஜனவரி கடைசியில் செனட்டில் நடந்த விசாரணையில், மருத்துவம் மனித உரிமையா என்று அவர் கேட்டதற்குக் கென்னடி 'ஆம்' என்று சொல்லவில்லை. பேச்சுரிமை மாதிரி இல்லை, இருபது வருடம் புகைபிடித்தவருக்குப் புற்றுநோய் வந்தால் அவர் பொதுப் பணத்திலிருந்து எடுக்கிறார் என்று இழுத்தார். ஒரு இடதுசாரி இதழ் தலையங்கம் எழுத அந்த ஒரு பதில் போதாதா? உங்கள் தலையங்கத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதே விசாரணையில் செனட்டர் எலிசபெத் வாரன் பணக் கணக்கைக் கேட்டார். தடுப்பூசிக் கம்பெனி மீது வழக்குப் போடும் சட்ட நிறுவனம் ஒன்றுக்குக் கட்சிக்காரர்களை அனுப்பிவைத்த வகையில் கென்னடிக்கு எட்டரை லட்சம் டாலருக்கு மேல் வந்திருந்தது. அமைச்சரான பிறகும் அந்த வழக்குகளில் தனக்கு வரும் பங்கை வைத்துக்கொள்ளத்தான் முதலில் திட்டமிட்டிருந்தார். நெருக்கிக் கேட்ட பிறகு, மகனுக்கு மாற்றிவிடுகிறேன் என்றார். நம்மூரில் ஒரு அமைச்சர் இப்படிச் சொல்லியிருந்தால் அட்டைப்படமே போட்டிருப்போம்.

கூட்டத்தில் முடிவு எட்டவில்லை. இரண்டு பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம், ஒருவர் யோசிக்க வேண்டும் என்றார். அச்சுக்குப் போகும் கடைசி ஃபாரம் மூட வேண்டிய ராத்திரி பதினொன்றரை மணிக்கு வாட்ஸாப் குழுவில் தலையங்கத்தைப் போட்டு, 'ஆட்சேபம் இருந்தால் பன்னிரண்டுக்குள் சொல்லவும்' என்று எழுதினீர்கள். நான் தூங்கியிருந்தேன். காலையில் பார்க்கும்போது நான்கு கட்டைவிரல், கீழே 12.10க்கு ஒரு தோழரின் 'எனக்கு உடன்பாடில்லை'. பத்து நிமிடம் தாமதமான மறுப்பு கணக்கில் வராதாம்.

என் குறிப்பிலிருந்து நீங்கள் எடுத்த பத்திகளில் முக்கியமானது சமோவா. பசிபிக் கடலில் இரண்டு லட்சம் பேர் வாழும் தீவு நாடு. 2018 ஜூலையில் அங்கே தட்டம்மைத் தடுப்பூசி போட்ட இரண்டு கைக்குழந்தைகள் நிமிடங்களில் இறந்தன. ஊசியில் குறையில்லை. மருந்துப் பொடியைக் கரைக்கத் தண்ணீருக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் மயக்க மருந்தைச் செவிலியர்கள் கலந்துவிட்டார்கள். அவர்கள் சிறைக்குப் போனார்கள். ஆனால் அது தெரியவருவதற்குள் அரசு தடுப்பூசித் திட்டத்தையே மாதக்கணக்கில் நிறுத்திவிட்டது, மக்களுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. முதல் தவணை போட்ட குழந்தைகள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனார்கள். 2019 ஜூனில் கென்னடி அங்கே போய்த் தடுப்பூசி எதிர்ப்பாளர்களைச் சந்தித்தார். அந்த வருடக் கடைசியில் தட்டம்மை பரவி 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். பிணங்கள் விழுந்துகொண்டிருந்த நவம்பரில் அவர் அந்நாட்டுப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், தடுப்பூசியே காரணமாக இருக்கலாம் என்று.

அவர் போனதால்தான் அந்தக் குழந்தைகள் இறந்தன என்று நான் எழுதவில்லை. அந்தப் பயம் அவர் போவதற்கு முன்பே அங்கே இருந்தது. பயந்துபோயிருந்த ஊரில் போய் அவர் என்ன சொன்னார், பிறகு அதற்கு எப்படிக் கணக்குச் சொன்னார் என்பதைத்தான் எழுதினேன். செனட் விசாரணையில், இறந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தட்டம்மையே இல்லை, எதனால் இறந்தார்கள் என்று தெரியாது என்றார். சமோவாவின் சுகாதாரத் துறைத் தலைவர் அதை அப்பட்டமான பொய் என்று மறுத்தார். அமைச்சர் பதவிக்கு வருகிறவரைப் பற்றி வாசகருக்குத் தெரிய வேண்டிய விஷயம் இது. 'இடமில்லை' என்று எடுத்துவிட்டீர்கள். அதே பக்கத்தில் பொங்கல் மலர் பற்றிய பாராட்டுக் கடிதம் நான்கு வந்திருந்தது, மே மாதத்தில்.

அந்த டிசம்பரில் சமோவா இரண்டு நாள் நாட்டையே மூடி வீடு வீடாக ஊசி போட்டது. ஊசி போடாத ஆள் இருக்கிற வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வந்தது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருப்பார்கள், நாங்கள் அந்தப் பக்கம் விளையாடப் போக மாட்டோம். இதையும் குறிப்பில் எழுதியிருந்தேன். இது வேண்டுமானால் வெட்டத் தகுந்த வரிதான்.

'அமெரிக்கா எங்கேயோ இருக்கிறது, நம் தலையங்கத்தால் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று' என்று கேட்டீர்கள். என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

என் அக்கா செஞ்சிப் பக்கம் கிராம சுகாதார செவிலியர். இருபது வருடத்துக்குப் பக்கமாகிறது. ஏப்ரலில் ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாள், சாயங்காலம் எனக்குப் போன் செய்தது. ஒன்பது மாதக் குழந்தை ஒன்றுக்குத் தட்டம்மை-ரூபெல்லா முதல் தவணை போட வேண்டும். அம்மா அழைத்து வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டதற்கு வீட்டுக்காரர் செல்போனை நீட்டியிருக்கிறார். படத்தில் நம் இதழின் நான்காம் பக்கம், மேலே நம் பெயர், 'தடுப்பூசிகளைக் கேள்வி கேட்கும் துணிச்சல்' என்ற வரிக்கு அடியில் யாரோ சிவப்பில் கோடு போட்டிருந்தார்கள். ஊர்க் குழுவில் வந்ததாம். அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இது நீ வேலை பாக்கிற புத்தகம்தானேடா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

அதற்குப் பிறகு அக்கா அந்த வீட்டுக்கு நான்கு தடவை போனது. ஐந்தாம் வாரம் குழந்தைக்கு ஊசி போட்டாயிற்று. நல்லவேளையாக நடுவில் ஒன்றும் ஆகவில்லை. கோடை வெயிலில் நான்கு தடவை. அதற்குப் பதிலாக அந்த நாட்களில் அக்கா போயிருக்க வேண்டிய வீடுகள் எத்தனை என்று அதுதான் சொல்ல வேண்டும்.

இந்த மாநிலத்தில் இந்தப் பயம் என்ன செய்யும் என்பது நமக்குப் புதிதில்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அக்கா அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தது, ஊசியைக் கையில் எடுக்கவே நடுங்கும் என்று சொல்லும். அதன் பிறகு கிராமத்துக்கே போய் ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். வர முடிந்தவர்கள் வந்தார்கள். 2005-06இல் எல்லாத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் 81 சதவீதம், 2015-16இல் ஏறத்தாழ 70. காரணம் ஒன்றே ஒன்று என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், பயமும் தூரமும் அதில் இருந்தன என்று அக்கா சொல்லும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் தொடங்கியபோது வாட்ஸாப்பில் வந்த வதந்திகளைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு ஊசி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பெற்றோர் நம் வாசகர்களிலும் இருந்தார்கள். அப்போது ஒரு மருத்துவரை உட்கார வைத்து, அவர்கள் கேட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்கி, எட்டுப் பக்கம் போட்டது நம் இதழ். எழுதியவர் இன்றைய ஆசிரியர் தோழர்தான். அதை நகலெடுத்து அக்கா தன் பையில் வைத்திருந்தது. எட்டு வருடத்துக்கு முன் அவளுக்குத் துணையாகப் போன அதே இதழை இப்போது அவளுக்கு எதிராக நீட்டுகிறார்கள். எனக்கு வலிப்பது இதுதான், வாசகர் கடிதப் பக்கத்தில் என் பெயர் வந்ததுகூட அப்புறம்தான்.

தலையங்கத்தில் உண்மை என்று சொன்னதும் நிற்கவில்லை. 'கென்னடி தடுப்பூசிக்கு எதிரி அல்ல, பாதுகாப்பைத்தான் கேட்கிறார்' என்று எழுதினீர்கள். அவருடைய ஆட்களைத் தேர்வு செய்ய உதவிய வழக்கறிஞர், போலியோ தடுப்பூசிக்குக் கொடுத்த அனுமதியையே திரும்பப் பெறச் சொல்லி 2022இல் மனுப் போட்டவர். இரண்டு வயதில் போலியோ கண்ட மிட்ச் மெக்கானல், ஆளும் குடியரசுக் கட்சிக்காரர், தன் கட்சியிலிருந்து தனி ஆளாக எதிர்த்து வாக்களித்தார். மருத்துவரான செனட்டர் பில் கேசிடிக்குக் கென்னடி வாக்குறுதி கொடுத்திருக்கிறார், தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் பரிந்துரைகளில் கை வைக்க மாட்டார் என்றும் எழுதினீர்கள். அந்த வாக்குறுதியை நம்பித்தான் கேசிடி செனட்டின் நிதிக் குழுவில் ஆதரவு தர, 14-13 என்று நியமனம் தப்பித்தது. 2025 ஜூன் 9ஆம் தேதி அந்தத் தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் 17 உறுப்பினர்களையும் கென்னடி ஒரேயடியாக நீக்கினார். இடையில் டெக்சாஸில் தட்டம்மை பரவி, தடுப்பூசி போடாத இரண்டு சிறுமிகள் இறந்தார்கள், ஒருத்திக்கு ஆறு வயது, மற்றவளுக்கு எட்டு. பத்து வருடத்தில் அமெரிக்காவில் தட்டம்மைக்குப் பலியான முதல் குழந்தை அந்த ஆறு வயதுக்காரி. பரவல் அவர் பதவியேற்பதற்கு முன்பே தொடங்கியது, அந்தப் பழியை அவர் மேல் போட மாட்டேன். ஆனால் நான்கு இதழ் வந்துவிட்டது, இதில் ஒரு வரியைக்கூட நாம் வாசகருக்குச் சொல்லவில்லை. மார்ச் மாதத்தோடு நமக்கு அமெரிக்கச் செய்தி நின்றுபோயிற்று.

உள்விவாதம் உள்ளேயே இருக்க வேண்டும், முடிவெடுத்தபின் ஒரே குரலில் பேச வேண்டும் என்று ஜனநாயக மத்தியத்துவத்தை எனக்கு வகுப்பெடுத்தீர்கள். அது கட்சிக்கு. நாம் ஆயிரத்துச் சொச்சம் பிரதி அச்சடிக்கிற ஒரு மாத இதழ். கட்சியிலாவது கூட்டம் முழுசாக நடந்து, கை தூக்கச் சொல்லி எண்ணுவார்கள். நாம் நள்ளிரவில் கட்டைவிரலை எண்ணினோம்.

ஆகவே நான் கேட்பது இவை.

என் மறுப்புக் குறிப்பு வெட்டாமல் ஆகஸ்ட் இதழில் வர வேண்டும். தலையங்கம் வந்த அதே நான்காம் பக்கத்தில் தொடங்கி, அதே எழுத்தளவில், ஆசிரியர் குழு உறுப்பினரின் மறுப்பு என்று குறிப்பிட்டு. மற்ற இரு தோழர்களும் விரும்பினால் அவர்கள் பெயரும் சேர வேண்டும். அதற்கு மறுபதில் எழுத வேண்டுமென்றால் எழுதுங்கள், அதற்கும் நானே மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன்.

மார்ச் தலையங்கத்தில் கென்னடியின் வாக்குறுதி பற்றியும் தடுப்பூசி பற்றியும் எழுதியவற்றுக்குத் திருத்தம் போட வேண்டும். 'இதழின் நிலைப்பாடு' என்று போட்டது நாலுக்கு மூன்று என்ற கணக்கில் எடுத்த முடிவு என்பதையும் அதில் சொல்ல வேண்டும்.

இனிமேல் தலையங்கம் வாட்ஸாப்பில் முடிவாகக் கூடாது. குழுவில் இரண்டு பேருக்கு மேல் மறுத்தால், அவர்கள் மறுப்பு அதே இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வர வேண்டும். எழுத்தில் இருக்கட்டும், வாய்வார்த்தை வேண்டாம்.

அப்புறம், 2017இல் போட்ட அந்த எட்டுப் பக்கத்தைப் புதுப்பித்து, தட்டம்மை-ரூபெல்லா ஊசியை ஒன்பதாம் மாதமும் மறுபடி பதினாறிலிருந்து இருபத்துநான்கு மாதத்துக்குள்ளும் ஏன் போடுகிறார்கள், போட்டால் என்ன ஆகும், காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு அரசு மருத்துவரிடம் கேட்டு எழுதி, தனியாக அச்சடித்துத் தாருங்கள். ஐந்நூறு பிரதி போதும். மேலே நம் பெயர் பெரிதாக இருக்கட்டும், அந்த வீட்டுக்காரர் கண்ணில் பட வேண்டும். செலவை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் இதழ் ஜூலை 20 அன்று அச்சுக்குப் போகிறது. 15ஆம் தேதிக்குள் குழு முழுசாகக் கூடி, எழுத்தில் பதில் தர வேண்டுகிறேன். அதுவரை மெய்ப்பு வேலையை நிறுத்த மாட்டேன், வழக்கம்போல் பக்கங்களை அனுப்புங்கள். வாசகர் கடிதப் பக்கத்தையும் சேர்த்து.

தோழமையுடன்,
உங்கள் ஆசிரியர் குழுவில் ஒருவன்